புத்துக்காளான் பொறுக்கப் போறவங்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

அண்ணே, ஐப்பசி மழை விட்டதும் எங்க பனங்காட்டுல காளான் கெளம்பும். அம்மா இருந்தவரைக்கும் அவங்க பாத்து பொறுக்கிட்டு வருவாங்க, இப்ப அவங்க இல்ல. அரிசியோட சேத்து அவிச்சு அரிசி நிறம் மாறலன்னா நல்ல காளான்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நம்பலாமா?
*— வாசகி, உச்சிப்புளி*

நம்பாதம்மா. அரிசி நிறம் மாறும், மஞ்சள் செவக்கும், வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி கடிச்சிருந்தா நல்ல காளான், இதெல்லாம் ஊர் ஊரா சொல்றாங்க, ஒண்ணு கூட உண்மை கெடையாது. உசுர எடுக்குற காளான்ல இருக்க அமாடாக்சின்ங்குற விஷம் அரிசியையும் மாத்தாது வெள்ளியையும் மாத்தாது, எவ்வளவு நேரம் கொதிக்க வச்சாலும் அழியாது. நத்தையும் புழுவும் அத தின்னுட்டு நல்லா இருக்கும், நம்ம ஈரல் தாங்காது.

அம்மா அரிசிய பாத்து முடிவு பண்ணிருக்க மாட்டாங்க, முளைச்ச எடத்தையும் அடித்தண்டையும் பாத்துதான் பண்ணிருப்பாங்க. புத்துக்காளான்ங்குறது கரையான் வளக்குற காளான். கரையான் காஞ்ச இலை, மட்டை, மரத்தூளெல்லாம் மென்னு கொண்டுபோயி மண்ணுக்குள்ள பஞ்சு மாதிரி ஒரு கூடு கட்டி அதுல பூஞ்சைய வளத்து தின்னுது, மழை எறங்கி மண்ணு ஊறுனதும் அந்த பூஞ்சைதான் மேல முட்டிக்கிட்டு வந்து குடை விரிக்குது. அதனால சும்மா ஒடிச்சு எடுக்காம ஒரு குச்சியால பக்கத்து மண்ண மெதுவா ஒதுக்கிப் பாரும்மா. தண்டு மண்ணுக்குள்ள போகப் போக மெலிஞ்சு, வேர் கணக்கா நீளமா எறங்கி, கரையான் கூட்டுல போயி சேரும். குடை நடுவுல மண்ணக் குத்திட்டு வர்றதுக்குன்னே கெட்டியா ஒரு கூர் முனை இருக்கும். அடியில இருக்க மடிப்பு வெள்ளையா இருந்து, முத்துனா லேசா ரோஸ் அடிக்கும்.

வேர் பாதியில அறுந்துருச்சா, அந்த காளான விட்டுரும்மா. புத்துக்குப் பக்கத்துல முளைச்சதெல்லாம் புத்துக்காளான் ஆகிடாது, வேற காளானுக்கும் வேர் மாதிரி அடி இருக்கும், அதனால எல்லா அடையாளமும் ஒண்ணா சேந்து வரணும். அப்பவும் நீயா முடிவு பண்ணாம, வருசா வருசம் பொறுக்குற ஒரு பெரிய மனுசிய கூட கூட்டிட்டுப் போ. இன்னொண்ணு, கூட்ட தோண்டி ஒடைக்காத, அது போச்சுன்னா அடுத்த மழைக்கு அந்த எடத்துல காளான் வராது.

நம்ம வெயிலுக்கு சாயங்காலத்துக்குள்ள கெட்டுரும், அன்னைக்கே ஆக்கிரணும். மடிப்புக்குள்ள மணல் ஏறி உக்காந்திருக்கும், ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசலன்னா வாய்ல நறநறன்னு வரும். சின்ன வெங்காயம், மிளகு, கொஞ்சம் தேங்காப்பால், அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம், அதோட வாசமே போதும்.

ஸ்கூல் கிரவுண்டு புல்லுல தட்டு மாதிரி பெருசா வெள்ளக் காளான் வருது, பாக்க புத்துக்காளான் மாதிரியேதான் இருக்கு, திங்கலாமா?
*— வாசகர், சாயல்குடி*

தொடாதீங்க தம்பி. வெள்ளக் குடை, மேல பழுப்பு செதில், தண்டுல மோதிரம் மாதிரி வளையம், புல்தரை, இத்தனையும் சேந்தா அது பெரும்பாலும் பச்சை மடிப்பு காளான். வயித்த புரட்டி எடுத்துரும். இதுல சிக்கல் என்னன்னா எளசுல மடிப்பு வெள்ளையாதான் இருக்கும், முத்துன பெறகுதான் பச்சை தட்டும். காளான் பழகணும்னு ஆசை இருந்தா இத செஞ்சு பாருங்க: தண்ட வெட்டிட்டு குடைய மடிப்பு கீழ இருக்க மாதிரி ஒரு பேப்பர்ல வச்சு கிண்ணத்தால ராத்திரி முழுக்க மூடி வைங்க. காலையில பொடி கொட்டியிருக்கும். இதுக்கு பச்சையா கொட்டும், புத்துக்காளானுக்கு ரோஸ் கலந்த நிறத்துல கொட்டும். இது பழகுறதுக்குத்தான், நிறத்த மட்டும் பாத்து சட்டியில போட்டுறக் கூடாது.

வைக்கோல் படப்புக்கு அடியில முட்டை மாதிரி வர்ற காளான் நாங்க காலங்காலமா திங்கிறதுதான். அதுலயும் விஷம் இருக்கா?
*— வாசகர், திருவாடானை*

வைக்கோல் காளான் நல்ல காளான்தான். ஆனா அது அடியில ஒரு பை இருக்கும் பாருங்க, அதே மாதிரி பை கொடிய விஷமுள்ள அமானிட்டா வகைக்கும் இருக்கு, முட்டைப் பருவத்துல வெளிய பாத்து பிரிச்சு சொல்லவே முடியாது. தென்கிழக்கு ஆசியாவுல இருந்து அமெரிக்கா போனவங்க சில பேரு, நம்ம ஊரு வைக்கோல் காளான்தானேன்னு அங்க மரத்தடியில முளைச்ச அமானிட்டாவ பொறுக்கித் தின்னு ஆஸ்பத்திரிக்கு போயிருக்காங்க. வெளிநாட்டுல இருக்க நம்ம புள்ளைகளுக்கு இத கண்டிப்பா சொல்லி வைங்க, ஊர்ல பழகுன கண்ண வச்சு அங்க காளான் பொறுக்கக் கூடாது.

காளான் தின்னுட்டு ராத்திரி வாந்தி பேதி, மறுநாள் சரியாயிருச்சுன்னா ஆஸ்பத்திரி போகணுமா?
*— வாசகி, தொண்டி*

போயே ஆகணும்மா, இத அழுத்தியே சொல்றேன். தின்ன ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வாந்தி வந்தா அனேகமா வயித்தோட போற விஷம், அதுக்கும் உடம்புல தண்ணி வத்திரும், புள்ளைகளுக்கும் வயசானவங்களுக்கும் ஆபத்து. 6 மணி நேரத்துக்கு மேல கழிச்சு ஆரம்பிச்சா அதுதான் பயப்படணும். அமாடாக்சின் அப்படித்தான், ஒரு நாள் வாந்தி பேதி, பெறகு எல்லாம் நின்னு எந்திரிச்சு நடமாட விட்டுரும், உள்ள ஈரல் அழிஞ்சுக்கிட்டே இருக்கும், மூணாவது நாலாவது நாள்ல கண்ணு மஞ்சளாகும்போது கை மீறிப் போயிருக்கும். உப்புத்தண்ணி குடிக்கக் குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, 108க்கு அடிங்க. மிச்சக் காளான் இருந்தா பேப்பர்ல சுத்தி கையோட கொண்டு போங்க, எத்தனை மணிக்கு தின்னாங்க எத்தனை மணிக்கு வாந்தி ஆரம்பிச்சதுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. கூட உக்காந்து தின்னவங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க, நல்லா இருக்கவங்களையும் சேத்துத்தான்.

புத்துக்காளான வீட்டுல வளக்க முடியுமா?
*— வாசகர், கீழக்கரை*

முடியாது, கரையான் இல்லாம அது வராது. பால்காளான் வளங்க. நம்ம பக்கத்து அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்து பேர்லயே ஏபிகே 2ன்னு ஒரு ரகம் 1998ல வேளாண் பல்கலைக்கழகம் விட்டுச்சு, 30லருந்து 35 டிகிரி சூட்டுலதான் அது நல்லா வரும், நம்ம ஊருக்குன்னே அமைஞ்ச மாதிரி. வைக்கோல அவிச்சு ஆற வச்சு வித்து போட்டு பை கட்டணும், பூஞ்சை வெள்ளையா படந்ததும் மேல சுத்தம் பண்ணுன மண்ணு ஒரு அடுக்கு போடணும், மண்ணு போடலன்னா மொட்டு ஒழுங்கா வராது. உப்புத்தண்ணி தெளிக்காதீங்க, குடிக்கிற தண்ணியா பாத்து தெளிங்க.