பக்கவாதத்துக்குப் பின் நின்றாலே ஒரு பக்கம் சாய்கிறார். நடைப் பயிற்சியை எப்படித் தொடங்குவது?

பிசியோதெரபிஸ்ட் நிற்க அனுமதித்துவிட்டார் என்றால், நடப்பதற்கு முன் உட்கார்ந்து எழுவதைப் பழக்குங்கள். கைப்பிடியுள்ள, சற்று உயரமான நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். இரு பாதங்களும் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். பாதித்த காலை மட்டும் இன்னும் பாதி பாத அளவு பின்னுக்கு வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து எழட்டும். இப்படி வைத்தால் நல்ல காலை மட்டும் நம்பி எழ வராது, பலவீனமான கால் பாரம் தாங்கியே ஆகவேண்டும். ஐந்தைந்தாக, இடையில் ஓய்வு விட்டுச் செய்யலாம். உட்காரும்போது தொப்பென்று விழுந்தால் களைத்துவிட்டார், அன்றைக்குப் போதும்.

துணைக்கு இருப்பவர் பாதித்த பக்கம் நின்று இடுப்புப் பட்டையைப் பிடிக்கவேண்டும். தயவுசெய்து அந்தக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவக்கூடும். ஊன்றுகோல் நல்ல கையில்தான். நடக்கும்போது முன்பாதம் தரையில் உரசினால், கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை தேவையா என்று கேளுங்கள்.