கடைத்தெருவில் நடக்க இடம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தெரு வடிவமைப்பு என் தொழில். கடைத்தெருக்களை நடப்பவர்களுக்கு ஏற்றபடி மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (துணிக்கடைக்காரர், கும்பகோணம்): எங்கள் வீதியில் நடைபாதையை அகலப்படுத்தப் போகிறார்களாம். வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வியாபாரம் படுத்துவிடாதா?

உங்கள் பயம் நியாயமானது, ஐயா. 1962இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில், ஸ்ட்ரோகெட் தெருவுக்குள் வண்டிகள் வருவதைத் தடுத்தபோது அங்கிருந்த கடைக்காரர்களும் இதே பயத்தில்தான் எதிர்த்தார்கள். இன்று அந்த நகரத்தின் முக்கியமான கடைத்தெரு அதுதான். நம் பக்கத்தில் தி.நகர் பாண்டி பஜாரைப் பாருங்கள். 2019இல் அங்கே வண்டிகளை முழுதாக விலக்கவில்லை. வண்டிப் பாதையைக் குறுக்கி, இரண்டு பக்கமும் நடைபாதையை அகலமாக்கி, உட்கார இடமும் போட்டார்கள்.

ஒரு நாள் முழுக்க உங்கள் வாசலைக் கவனியுங்கள். கடைக்குள் வருபவர்களில் எத்தனை பேர் காரில் வந்தார்கள், எத்தனை பேர் பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தார்கள் என்று எண்ணுங்கள். காலையிலிருந்து இரவு வரை நகராமல் நிற்கும் வண்டி யாருடையது என்றும் பாருங்கள். பல தெருக்களில் அது கடை முதலாளியின் வண்டியாகவோ ஊழியரின் வண்டியாகவோதான் இருக்கும். மாநகராட்சியிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: பக்கத்துச் சந்தில் முறையான கட்டண வண்டி நிறுத்துமிடம், சரக்கு இறக்கக் காலையில் தனி நேரம்.

கேள்வி (திருநெல்வேலி): நடைபாதை இருந்தும் எல்லாரும் ரோட்டில்தான் நடக்கிறார்கள். நம் மக்களின் பழக்கம் அப்படித்தானா?

இல்லவே இல்லை. மக்களைக் குறை சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். நம் ஊர்களில் மழைநீர் வடிகாலுக்கு மேல் சிலாப் போட்டு, அதையே நடைபாதை என்கிறோம். அது முழங்கால் உயரத்துக்கு நிற்கும். ஒவ்வொரு கடை வாசலிலும் சரிவு வெட்டியிருப்பார்கள். பத்தடிக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். நடுவில் டிரான்ஸ்பார்மர், விளம்பரப் பலகை, பைக். மூட்டு வலியோடு ஒரு பாட்டி அதில் எப்படி நடப்பார்?

சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே தெளிவாகச் சொன்னது. நடைபாதையின் விளிம்புக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், வணிகப் பகுதியில் 2.5 மீட்டர். மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி எல்லாம் ரோட்டோரப் பட்டையில் போய்விட வேண்டும். படி, பொருள் பார்க்க நிற்பவர்கள் ஆகியவற்றுக்குக் கடையை ஒட்டி ஒரு பட்டை. நடுவில் இருப்பது நடப்பதற்கு மட்டும். வண்டி உள்ளே போகும் வாசலிலும் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். என்னைக் கேட்டால், வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி (மதுரை): பூக்காரர்களையும் தள்ளுவண்டிகளையும் அகற்றினால்தானே நடக்க முடியும்?

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, அவர்களுக்கு இடம் ஒதுக்குவதில் யோசனை சொல்ல ஒரு குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். மரத்துக்கும் மரத்துக்கும் இடையில், ரோட்டோரப் பட்டையில் அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்தால் நடுப்பாதை தானாகவே காலியாகும். கடைகள் மூடிய பிறகும் ஒரு பெண் பயமில்லாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகிறாள் என்றால், தெருவோரத் தள்ளுவண்டி இட்லிக் கடையின் வெளிச்சத்துக்கும் அதில் பங்கு உண்டு.

கேள்வி (ஈரோடு): வண்டியே வராத தெருவாக மாற்றிவிட்டால் என்ன?

எல்லா ஊரிலும் எடுபடாது, தம்பி. அமெரிக்காவின் கலமசூ நகரம் 1959இல் அப்படிச் செய்தது. அதைப் பார்த்துப் பல ஊர்கள் செய்தன. சிகாகோவில் ஸ்டேட் தெருவை 1979இல் பஸ்களுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று ஆக்கி, 1996இல் மறுபடி கார்களுக்குத் திறந்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்க மக்கள் புறநகருக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள், பெரிய கடைகளும் பின்னாலேயே போயின. நடந்து வர ஆள் இல்லாத தெருவில் கல் பதித்து என்ன பயன்? நம் பழைய கடைவீதிகளில் கடைக்கு மேலேயும் பின்னாலேயும் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. அது நமக்குப் பெரிய பலம். அதனால் முதலில் வேகத்தைக் குறைத்து, வண்டிப் பாதையைக் குறுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: என்ன டைல்ஸ் போடலாம்?

பளபளப்பு வேண்டாம், மழையில் வழுக்கும். கேபிளுக்குத் தோண்டினால் எடுத்து மறுபடி பதிக்கக் கூடியதாக இருக்கட்டும்.

கேள்வி (ஆசிரியை, நாகர்கோவில்): மாநகராட்சியில் பணம் இல்லை என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பெயின்டில் கோடு போடுவது போன்ற தற்காலிகச் சோதனையில் தொடங்கலாம், அம்மா. 2009இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வண்டிப் பாதையின் ஒரு பகுதியை அடைத்துத் தோட்டத்து நாற்காலிகளைப் போட்டுத்தான் சோதித்தார்கள். நிரந்தரக் கட்டுமானம் பிறகுதான் வந்தது. உங்கள் ஊரில் பஸ் நிலைய வாசலை எடுத்துக்கொள்ளுங்கள், அதிகம் பேர் ரோட்டைக் கடக்கும் இடம் அதுதான். போக்குவரத்துக் காவலரிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரம் வைத்து, வண்டிகள் திரும்பும் தெருமுனையைக் குறுக்கிப் பாருங்கள். வண்டிகள் எப்படித் திரும்புகின்றன, முதியவர் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று மாணவர்களே குறித்து வைக்கட்டும். அந்தத் தாளோடு மாநகராட்சிக்குப் போங்கள்.