60 பிரேமா, 4கே-யா? கன்சோல் கேள்வி பதில்

கோவையில் கன்சோல் (டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி) விற்பனையும் சர்வீஸும் பார்க்கிறவன் என்பதால் என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகள் இவை. விலை, தவணை, எக்ஸ்சேஞ்ச் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதெல்லாம் கடையில் பேசிக்கொள்ளலாம்.

பல்லடம்: அண்ணா, புதுசா பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கினேன். எந்த கேம் போட்டாலும் குவாலிட்டியா, பெர்பார்மன்ஸா என்று கேட்கிறது. எதை வைப்பது?

பெர்பார்மன்ஸ்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். குவாலிட்டி என்றால் பெரும்பாலும் 4கே தெளிவு, ஆனால் 30 பிரேம். பெர்பார்மன்ஸ் என்றால் தெளிவு குறைவு, ஆனால் 60 பிரேம். பிரேம் என்பது திரையில் வரும் ஒரு படம். நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு படத்தை வரைய கன்சோலுக்கு 33 மில்லி செகண்ட் கிடைக்கும். 60 என்றால் 16.7தான். பாதி நேரத்தில் வேலை முடிய வேண்டுமானால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் முதலில் கை வைப்பது ரெசல்யூஷனில், அதாவது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையில். 4கே படத்தில் 83 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 37 லட்சத்துக்குள். அடுத்து ரே டிரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரைவது), நிழல், தூரத்துப் புல் என்று ஒவ்வொன்றாகக் குறையும். இதில் பெரும்பாலானவை போனதே ஆடும்போது தெரியாது. ஆனால் 30க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றினாலே தெரிந்துவிடும். 2024ல் பிஎஸ்5 ப்ரோவை அறிமுகப்படுத்தியபோது அதை வடிவமைத்த சோனியின் மார்க் செர்னியே சொன்னார்: கேட்கும் இடத்தில் முக்கால்வாசிப் பேர் பெர்பார்மன்ஸைத்தான் எடுக்கிறார்களாம்.

பெருந்துறை: 4கே டிவிக்கு அவ்வளவு பணம் போட்டிருக்கிறேன். பெர்பார்மன்ஸ் வைத்தால் டிவி தண்டம்தானே?

டிவி எத்தனை அங்குலம், எத்தனை அடி தள்ளி உட்காருகிறீர்கள் என்று எழுதவில்லையே. 43 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கண்பார்வைக்கு, ஐந்தரை அடிக்கு மேல் தள்ளிப்போனால், 1440பி-யைவிடக் குறைந்த 1080பி-யின் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியாது. நம் வீட்டு ஹாலில் யார் அவ்வளவு கிட்டே உட்காருகிறார்கள்? 65 அங்குலத்தை ஆறடியில் வைத்திருந்தால் வேறு பேச்சு. தவிர, உள்ளே குறைவாக வரைந்தாலும் கன்சோல் அதைப் பெரிதாக்கி 4கே-யாகத்தான் அனுப்புகிறது. எச்டிஆர் தரும் பளிச்சென்ற வெளிச்சமும் வண்ணமும் அப்படியே இருக்கும். டிவி தண்டமில்லை.

ஆனால் டிவியில் கேம் மோட் போட்டீர்களா? டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றுவதைக் குறைத்து, தாமதமில்லாமல் காட்டும் அமைப்பு அது. போடாவிட்டால் மேலே சொன்னது எதற்கும் பலனில்லை.

திருப்பூர்: டிவி அட்டைப்பெட்டியில் 120 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கன்சோலில் 120 வரவே மாட்டேன் என்கிறதுங்க.

பெட்டியில் 'மோஷன்' என்ற சொல் பக்கத்தில் இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் பேனல்தான் (நொடிக்கு 60 முறை படம் மாற்றும் திரை), இடையில் டிவியே படம் செருகி ஓட்டுகிறது. அது கேமுக்கு ஆகாது, தாமதம்தான் கூடும். 4கே-யில் நிஜ 120 வேண்டுமானால் 120 ஹெர்ட்ஸ் பேனலும் எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் வேண்டும். சில டிவியில் எல்லா போர்ட்டும் அப்படி இருக்காது, பின்னால் எட்டிப் பாருங்கள். கேம் மோட்.

தாராபுரம்: குவாலிட்டி நல்லதா, பெர்பார்மன்ஸ் நல்லதா?

பல்லடத்துக்குச் சொன்னதுதான்.

ஈரோடு: நான் கல்யாண வீடியோ எடுப்பவன். 25 பிரேமில்தான் எடுக்கிறேன். சினிமா 24. யாரும் குறை சொன்னதில்லை. 60, 60 என்று நீங்கள்தான் ஊரைக் கிளப்பிவிடுகிறீர்கள்.

வாங்க. உங்கள் டைம்லைனில் தவில் வாசிக்கும் இடத்தில் ஒரு பிரேமை நிறுத்திப் பாருங்கள். குச்சி குச்சியாக இருக்காது, கோடாக இழுபட்டிருக்கும். ஷட்டரை நொடியில் 50ல் ஒரு பங்கு என்று வைக்கிறீர்கள் அல்லவா? அந்த நேரத்து அசைவு முழுக்க அந்த ஒரு படத்துக்குள் பதிந்துவிடுகிறது. அதனால்தான் 25 போதுமானதாகத் தோன்றுகிறது. கேமில் ஷட்டரே கிடையாது. ஒவ்வொரு படமும் பளிச்சென்று ஒரு கணத்தில் உறைந்தது. அதை 30ல் ஓட்டினால் தாவித்தாவித்தான் போகும்.

மறுபடி ஈரோடு: மோஷன் பிளர் என்று, அசைவை இழுபட்டதுபோலக் காட்டும் ஒன்றை கேமிலேயே வைத்திருக்கிறார்களே?

நல்ல கேள்வி. 30ல் ஓடும் கேம்களில் அது இருப்பதே இதற்காகத்தான், நன்றாகச் செய்தால் கண்ணை ஏமாற்றலாம். கையை ஏமாற்ற முடியாது. பட்டனை அழுத்தியது திரைக்கு வர மூன்று பிரேம் ஆகிறது என்று வையுங்கள். 60ல் 50 மில்லி செகண்ட், 30ல் 100. கல்யாண வீடியோ பார்க்கிறவர் மாப்பிள்ளை தலையைத் திருப்ப பட்டன் அழுத்துவதில்லை.

மேட்டுப்பாளையம் (நடுவில் புகுந்தவர்): என் பழைய எல்சிடியில் 30 நன்றாகவே இருந்தது. ஓஎல்இடி வாங்கிய பிறகுதான் கண்ணை உறுத்துகிறது!

அதுவும் நிஜம். எல்சிடி மெதுவாக மாறுவதால் படத்துக்குப் படம் கொஞ்சம் கலந்துவிடும். ஓஎல்இடி சட்டென்று மாறும், தாவல் அப்பட்டமாகத் தெரியும். ஈரோட்டுக்காரர் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் முறை ஈரோடு: சரிங்க, நான் நிதானமாக நடந்து வேடிக்கை பார்க்கிற கதை கேம் மட்டும்தான் ஆடுவேன்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேனே! குவாலிட்டியே வையுங்கள். தண்ணீரில் விழும் பிம்பம், சாயங்கால வெளிச்சமெல்லாம் அதில்தான் அழகு.

உடுமலை: 40 பிரேம் என்று ஒரு மோட் இருக்கிறதே, அது என்ன இரண்டுங்கெட்டான்?

இரண்டுங்கெட்டான் இல்லை. 40க்கு 25 மில்லி செகண்ட். 33க்கும் 16.7க்கும் சரியாக நடு. குவாலிட்டியின் அழகைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டே தாமதம் குறைகிறது. 2021ல் வந்த ராட்செட் அண்டு கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேமில் போட்டுப் பாருங்கள். 120 ஹெர்ட்ஸ் டிவி வேண்டும். 120ஐ 40 மீதியில்லாமல் வகுக்கும், 60ஐ வகுக்காது.

பொள்ளாச்சி: பால்டர்ஸ் கேட் 3 கேமில் மூன்றாம் பாகத்து நகரத்துக்குள் போனால் பெர்பார்மன்ஸிலும் திணறுகிறது. ரெசல்யூஷன் குறைத்தால் சரியாகுமா?

ஆகாது. அங்கே திணறுவது படம் வரையும் சிப் இல்லை, சிபியு. தெருவில் நடமாடும் அத்தனை பேரையும் அதுதான் மேய்க்கிறது. டிவியில் விஆர்ஆர் (கன்சோல் படம் அனுப்பும் வேகத்துக்கேற்ப டிவியும் மாறும் வசதி) இருந்தால் போடுங்கள், 48 பிரேமுக்குக் கீழே போகாதவரை உறுத்தல் குறையும்.

திருப்பூர், பனியன் கம்பெனிக்கு மேல் மாடி: ஃபேனில் பஞ்சு அடைந்துவிட்டது. அதனால் பிரேம் குறையுமா?

பிஎஸ்5ல் குறையாது. அதன் வேகம் சூட்டைப் பார்த்து மாறுவதில்லை, வேலையின் பளுவைப் பார்த்தே மாறும். ஆனால் சூடு எல்லை மீறினால் எச்சரிக்கை காட்டி அணைந்துவிடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் தூசி சேரும் ஓட்டைகள் தெரியும், அங்கே வாக்குவம் வையுங்கள். வாயால் ஊத வேண்டாம்.

கரூர்: பெர்பார்மன்ஸா குவாலிட்டியா அண்ணா?

பல்லடம். பல்லடம். பல்லடம்.

நாமக்கல்: பேசாமல் பிஎஸ்5 ப்ரோ வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

2024 நவம்பரில் அது வெளிவந்தபோது இந்தியா பட்டியலில் இல்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்பவரிடம் வாங்கினால் வாரண்டிக்கு யாரிடம் போவது என்று முதலில் கேளுங்கள். குவாலிட்டியின் தெளிவை 60லேயே தருவதுதான் அதன் நோக்கம், பல கேம்களில் தரவும் செய்கிறது. ஆனால் சிபியு கிட்டத்தட்ட பழையதுதான், பொள்ளாச்சிக்காரரின் நகரம் அதிலும் பெரிதாக மாறாது. உங்கள் டிவியில் கேம் மோட் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா?

நாமக்கல்: இல்லைங்க.

செட்டிங்ஸில் 'பிக்சர்' பகுதிக்குள் தேடுங்கள். சில டிவியில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டியிருக்கும்.