படம் பார்த்ததற்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். டெலிகிராமில் வந்த லிங்க்கில் ஓர் ஆப் இறக்கி, அதில் புதுப்படம் பார்த்திருக்கிறான். இரண்டு நாள் கழித்து 'சைபர் கிரைம்' என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. முத்திரை வைத்த நோட்டீஸும் அனுப்பினார்கள். 3 லட்சம் அபராதம், 3 வருடம் ஜெயில், இப்போதே 45,000 கட்டினால் முடித்துவிடலாம் என்றார்கள். பயத்தில் 8,000 அனுப்பிவிட்டேன். தெரிந்த ஒருவர், 15,000 கொடுத்தால் ஸ்டேஷனில் பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார். மீதியை யாரிடம் கட்டுவது?
(ஒரு வாசகி, கரூர்)

பதில்: யாரிடமும் கட்டாதீர்கள் அம்மா. இதைப் படித்ததும் முதல் வேலையாக மகனுடைய போனில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். உங்கள் போனிலிருந்து, சைபர் மோசடியைச் சொல்வதற்கான அரசு உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அனுப்பிய 8,000-க்கான பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வழி உண்டு. நாளாக ஆக அது பத்துக் கணக்குக்குப் பிரிந்து போய்விடும்.

உங்களுக்கு வந்தது போலீஸ் நோட்டீஸ் அல்ல. விசாரணைக்கு வரச்சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. இந்த மாதிரி வழக்கில் அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. போனில் மிரட்டி, வழக்கை முடிக்க ஜிபேயில் பணம் வாங்குவது காவல்துறையின் வேலை அல்ல.

அந்த 3 லட்சம் என்ற தொகையை அவர்கள் சும்மா சொல்லவில்லை. 2023-இல் திருத்திய திரைப்படச் சட்டத்தில் குறைந்தபட்ச அபராதமே அதுதான். ஆனால் அது, தியேட்டரில் கேமராவில் படத்தைப் பிடிப்பவர்களையும் திருட்டுப் பிரதியைக் காசுக்காக ஊருக்குக் காட்டுபவர்களையும் குறிவைத்து வந்தது. 2016-இல், முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தால், பார்த்தாலே 3 ஆண்டுச் சிறை என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கை வந்து நாடே பயந்தது. அப்போது மும்பை உயர் நீதிமன்றம், பார்ப்பது மட்டும் குற்றமல்ல, விநியோகிப்பதும் பொதுவில் காட்டுவதும் விற்பதும் வாடகைக்கு விடுவதும்தான் குற்றம் என்று தெளிவுபடுத்தி, அந்த வாசகத்தையே திருத்தச் சொன்னது. உங்கள் மகன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு விலை 45,000 என்று யாரோ ஒருவன் போனில் நிர்ணயிக்க முடியாது.

ஒன்றை மட்டும் மகனிடம் திட்டாமல், பொறுமையாகக் கேளுங்கள். டோரன்ட் ஆப்பில் படம் இறக்கினானா? பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுபவர் வேறு, பரிமாறுபவர் வேறு. டோரன்ட்டில் இரண்டும் ஒரே ஆள். படம் உங்கள் போனில் இறங்க இறங்க, இறங்கிய துண்டுகள் உங்கள் போனிலிருந்தே ஊர்பேர் தெரியாதவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். நாம் ஒன்றும் அனுப்பவில்லையே என்று பையன்கள் என்னிடம் சத்தியம் செய்வார்கள். அவர்கள் அனுப்பவில்லை, அந்த ஆப் அனுப்பியது. இறக்கி முடித்த பிறகும் மூடாமல் விட்டால் அனுப்பிக்கொண்டே இருக்கும். படத்தை வகுப்பு குரூப்பில் ஃபார்வர்டு செய்வதும், அதற்கென்றே சேனல் நடத்துவதும் பரிமாறுவதுதான். தெரிந்தே செய்தால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அப்படி ஏதாவது செய்திருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நிஜ நோட்டீஸ் வந்தால் வக்கீலோடு போங்கள்.

இப்போது அந்த 'தெரிந்தவர்'. அவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. எந்த வழக்கை அவர் முடித்துத் தருவார்? வழக்கே இல்லையே! போலி அழைப்பில் பயந்துபோன குடும்பத்தைத் தேடி இப்படி ஒருவர் வருவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். முதலில் 15,000, பிறகு 'எஸ்.ஐ. மாறிவிட்டார்' என்று 10,000. போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று கமிஷன் கேட்டு இன்னொரு கூட்டமும் வரும். 1930-க்குச் சொல்வதற்கும் தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிவதற்கும் ஒரு பைசா கட்டணம் கிடையாது. வீட்டுக்கு வந்து ஆதார் நகலும் ஓடிபியும் கேட்பவர் யாராக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

டெலிகிராம் லிங்க்கில் மகன் இறக்கிய அந்த ஆப்தான் இந்தக் கதையின் வேர். பர்மா பஜாரில் திருட்டு விசிடி வாங்கிய காலத்தில் படம் தெளிவாக இல்லாவிட்டால் சில பத்து ரூபாய் போகும், அவ்வளவுதான். பிறகு டோரன்ட் தளங்கள் வந்தன. இப்போது டெலிகிராம் சேனலும், பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கும் ஏபிகே ஃபைலும் (ஆப்பைப் போனில் நிறுவும் ஃபைல்). இலவசப் படம் காட்டும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? உங்கள் ஓடிபி அதில்தான் வருகிறது. உங்கள் எண் அவர்களுக்குக் கிடைத்தது மகனின் கான்டாக்ட்டிலிருந்தாகத்தான் இருக்கும்.

சொல்லவே ஆத்திரமாக வருகிறது. நீதிமன்றம் ஒரு தளத்தை முடக்கினால் மறுநாள் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு திறக்கிறார்கள். திருட்டுப் படங்களை 48 மணி நேரத்தில் நீக்க வைப்போம் என்று 2023-இல் மத்திய அரசு அதிகாரிகளை நியமித்தது. அதற்குள் படம் எத்தனை குரூப் தாண்டியிருக்கும்! 1930 பிஸி என்று வரும், ஸ்டேஷனில் மாவட்ட சைபர் பிரிவுக்குப் போ என்பார்கள், வங்கியில் எஃப்ஐஆர் கேட்பார்கள். இந்த அலைக்கழிப்பால்தான் ஜனங்கள் புரோக்கரிடம் போகிறார்கள். நீங்கள் போகாதீர்கள். 1930 கிடைக்கவில்லையென்றால் தேசிய சைபர் கிரைம் தளத்தில் பதியுங்கள். புகார் எண்ணோடு வங்கிக்குப் போய் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

நோட்டீஸ், அழைத்த எண், டெலிகிராம் லிங்க் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே அந்த ஆப்பை நீக்குங்கள். புகார் பதிந்ததும் மகனின் போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்து, வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களையும் யுபிஐ பின்னையும் மாற்றச் சொல்லுங்கள். மறுபடி அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம். மிரட்டி அனுப்பும் குறுஞ்செய்திகளையும் புகாரோடு சேர்த்துவிடுங்கள்.