தொட்டியில் எதைப் போடுவது? – கேள்வி பதில்

ஹாலில் ஸ்னேக் பிளான்ட் வைத்திருக்கிறேன். நல்ல செம்மண்தான் போட்டேன், ஆனால் அடியில் அழுகிவிட்டது. மண் சரியில்லையா?

செம்மண்ணைக் குறை சொல்ல முடியாது. தரையில் அதற்குள் மண்புழு ஓடும், தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். தொட்டியில் நாலு மாதத்தில் இறுகிவிடும். வேருக்குக் காற்றே போகாது. வீட்டுக்குள் வெளிச்சமும் குறைவு, அதனால் செடி தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்துகள்) ஒரு பங்கு, பெர்லைட் (பொரிபோல் லேசான வெள்ளைக் கல்துகள்) அல்லது பருமணல் இரண்டு பங்கு கலந்து நடுங்கள். தினமும் சொம்பைத் தூக்கிக்கொண்டு போகிற கை உங்களுடையது என்றால் பருமணலை இன்னும் கூட்டுங்கள். மறந்துபோகிற கை என்றால் கோகோபீட் கொஞ்சம் அதிகம் இருக்கலாம்.

தொட்டி அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடிந்துவிடுமே?

எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ரொம்ப நாள் செய்தேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடினால்தான் வடிகால் கூடும். எந்தக் கலவையிலும் அடியில் ஒரு பட்டை ஈரம் நின்றே தீரும். ஜல்லி போட்டால் அந்த ஈரப்பட்டை மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். ஓட்டை வழியே மண் ஒழுகாமலிருக்க ஒரு வலைத்துண்டு போதும்.

கோகோபீட் கட்டி வாங்கினேன். ஊறவைத்து அப்படியே போடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாக் கட்டியும் கழுவியதில்லை. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் மோசம். 650 கிராம் கட்டி ஊறினால் ஏறக்குறைய 8 லிட்டர் வரும், அதனால் பெரிய வாளியாக எடுங்கள். முதல் தண்ணீர் கடுங்காபி நிறத்தில் வரும். அதைக் கொட்டிவிட்டு, வெளிறும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் பிழிந்த தண்ணீரில் வைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரின் அளவுக்கு அருகில் வந்தால் சரி.

மண்ணில்லாமல் வெறும் கோகோபீட்டில் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. நார்த்துகள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விட்டுவிட்டு, நாம் கொடுக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தக்காளிக் காயின் அடி கறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் 10 லிட்டருக்கு 20 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, அதில் ஒரு ராத்திரி ஊறவிட்டு வடிகட்டுவேன். நட்டபின் வேறு உரமெல்லாம் தேடி அலைவதைவிட இது சுலபம்.

பால்கனியில் மண்ணில்லாமல் சத்துநீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக் குழாய் வைத்து லெட்டூஸ் போடுகிறேன். ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) கட்டாயமா?

இல்லை. நாற்றுவிட ஸ்பாஞ்ச் துண்டு போதும். ராக்வூல்தான் வேண்டுமென்றால், அது கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, பி.எச். (அமில, கார அளவு) 5.5 உள்ள தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் பயன்படுத்துங்கள். பிழிந்தால் காற்று நிற்கிற இடம் போய்விடும். மட்கவும் மட்காது, குப்பையில் கிடக்கும் என்பதால் எனக்கு அதன் மேல் பிரியமில்லை. தண்ணீர் ஓடுகிற குழாயில் கோகோபீட் தூள் மட்டும் வேண்டாம், பம்ப் அடைத்துக்கொள்ளும்.

ஹைட்ரோபோனிக் குழாயில் செடியைத் தாங்கப் போடுகிற சுட்ட களிமண் உருண்டை விலை அதிகம். ஜல்லி, கூழாங்கல் போடக் கூடாதா?

போடலாம், முதலில் ஒரு சோதனை. கல்லின் மேல் வினிகர் நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. உங்கள் கரைசலின் பி.எச்.சை ஏற்றிக்கொண்டே இருக்கும். செடிக்கு வேண்டியது 5.5 முதல் 6.5 வரை, அதற்கு மேல் போனால் இரும்புச்சத்து எட்டாமல் இளந்தளிர் மஞ்சளாகும். அழகுக்கு விற்கிற வெள்ளை மார்பிள் சில்லு நிச்சயம் நுரைக்கும். நுரைக்காத கருங்கல் ஜல்லி பரவாயில்லை, ஆனால் கனம். குழாய் வளைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உருண்டையே வாங்கினாலும் தூசி போகக் கழுவுங்கள்.

ஆர்க்கிட்டுக்கு?

மண்ணே வேண்டாம். அடுப்புக்கரி, செங்கல் துண்டு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு.

தொட்டியைச் சுற்றிக் குட்டி குட்டிக் கறுப்புப் பூச்சி பறக்கிறது.

மேல்மண் காய்வதே இல்லை என்று அர்த்தம். மேலே ஓர் அங்குலம் காயும்வரை தண்ணீர் விடாதீர்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று செருகுங்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். முட்டையும் புழுவும் மண்ணுக்குள் இருக்கும்.

ஒருமுறை பயன்படுத்திய கோகோபீட்டைத் திரும்ப எடுக்கலாமா?

செடி நோயில் சாகவில்லை என்றால் தாராளமாக. வேரைப் பொறுக்கிவிட்டு, அலசி, வெயிலில் காயப்போடுங்கள். கையில் எடுத்தால் சேறு மாதிரி பிசுபிசுக்கிற பதம் வந்துவிட்டால் தொட்டிக்கு ஆகாது, வாழைக்கு அடியில் கொட்டிவிடுங்கள்.