கேள்வி – பதில்: ஒரு குப்பி, மூன்று லேபிள்

கேள்வி: ஐயா, நான் தெற்கு பிரான்ஸில் துலூஸ் பக்கம் இருக்கிறேன். நடைபாதைக் கல் இடுக்கிலிருந்து கறுப்பு எறும்புகள் வரிசையாகப் போய்ப் புல் விதை தூக்கி வருகின்றன. பழைய கையேட்டில் இதற்கு மெஸ்ஸார் ஸ்ட்ரக்டார் என்று பெயர். விவரம் தெரிந்த ஒருவரிடம் படத்தைக் காட்டினால் மெஸ்ஸார் ஐபெரிகஸ் என்கிறார். எந்தப் பெயர் சரி?

பதில்: உங்கள் கேள்விக்கான பதில் என் மேசை மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கிடக்கிறது. 2009 ஏப்ரலில், வேலை விஷயமாகத் தெற்கு பிரான்ஸின் மோன்பெலியே நகரில் தங்கியிருந்தபோது பிடித்த எறும்புகள். ஆல்கஹாலில் மை கரைந்துவிடும் என்பதால் லேபிளைப் பென்சிலில் எழுதி உள்ளேயே போட்டேன்: ‘மெஸ்ஸார் ஸ்ட்ரக்டார்’. அன்றைக்கு அது சரியான பெயர்தான்.

அந்தப் பெயரை வைத்தவர் பிரான்ஸின் லத்ரேய், 1798இல். பாதிரியாரான அவர் பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையில் கிடந்தவர். அங்கே தரையில் ஊர்ந்த அபூர்வமான ஒரு வண்டை அடையாளம் கண்டு சொன்னதால்தான் விடுதலையானார். பூச்சியால் உயிர் பிழைத்தவர் பூச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்ததில் வியப்பில்லை. சரி, எறும்புக்கு வருவோம். மெஸ்ஸார் என்ற பேரினத்தை 1890இல் பிரித்து வைத்தவர் ஃபோரல். லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கதிர் அறுப்பவர் என்று பொருள்.

ஸ்பெயின் பக்கத்திலிருந்து மத்திய ஆசியா வரை கிடைத்த ஒரே ஜாடை எறும்புகளையெல்லாம் நெடுங்காலம் ஸ்ட்ரக்டார் என்ற ஒரே பையில் போட்டு வைத்திருந்தார்கள். 2018இல் ஓர் ஆய்வுக் குழு மரபணுவையும் நுண்ணளவுகளையும் சேர்த்துப் பார்த்து, பைக்குள் ஐந்து சிற்றினங்கள் இருப்பதாகச் சொன்னது. ஸ்ட்ரக்டார் என்ற பெயர் ஒன்றுக்கு மட்டும் மிஞ்சியது. சான்ட்சி என்ற எறும்பு ஆய்வாளர் 1931இல் வைத்துவிட்டுப் போன ஐபெரிகஸ் என்ற பெயர் தூசி தட்டி எடுக்கப்பட்டது. கிழக்கே ம்யூட்டிகஸ். பான்டிகஸ், மெக்கார்த்தரி இரண்டும் அந்த ஆய்விலேயே பிறந்த புதுப் பெயர்கள். பான்டஸ் என்பது கருங்கடலின் பழைய பெயர் என்பதால், பான்டிகஸ் எங்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஐபெரிகஸ், பெயருக்கேற்ப ஐபீரியத் தீபகற்பத்தில் தொடங்கினாலும் அதோடு நிற்காமல் இத்தாலி, கிரீஸ் என்று மத்தியதரைக் கடல் ஓரமாகவே போகிறது. பிரான்ஸில் ஐபெரிகஸ், ஸ்ட்ரக்டார் இரண்டும் உண்டு. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் அதுதான்.

அருங்காட்சியகங்களில் ஒரு நல்ல வழக்கம்: பழைய லேபிளைக் கிழிக்க மாட்டார்கள். புதுப் பெயரை வேறு சீட்டில் எழுதி, யார், எந்த வருஷம் என்று குறித்துக் கூடவே வைப்பார்கள். நானும் இரண்டாவது சீட்டில் ‘ஐபெரிகஸ்’ என்று எழுதிப் போட்டு, வேலை முடிந்ததென்று நினைத்தேன்.

முடியவில்லை. 2025 செப்டம்பரில் மோன்பெலியே பல்கலைக்கழகத்தின் ரோமிகியே குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர்கள் சோதித்த ஐபெரிகஸ் வேலைக்கார எறும்புகள் அத்தனையும் கலப்பினம்: தாய் ஐபெரிகஸ், தகப்பன் ஸ்ட்ரக்டார். தன் இன ஆணோடு மட்டும் சேர்ந்தால் ராணிக்கு அடுத்த ராணிகள் பிறக்குமே தவிர, வேலைக்காரர்கள் பிறப்பதில்லை. ஆக, விதை சுமக்க ஆள் வேண்டுமென்றால் ஸ்ட்ரக்டார் ஆண் தேவை. ஆனால் சிசிலியில் ஐபெரிகஸ் இருக்கிறது. ஸ்ட்ரக்டார் குடியிருப்பு 1,000 கிலோமீட்டருக்கு அப்பால்தான். அங்கே மட்டும் மாப்பிள்ளை எங்கிருந்து வருகிறான்?

ராணியே பெற்றுக்கொள்கிறாள். எறும்பில் பொதுவாகக் கருவுறாத முட்டையிலிருந்துதான் ஆண் வரும். இங்கே ராணி தான் சேமித்து வைத்த ஸ்ட்ரக்டார் விந்தைக் கொண்டு, முட்டையில் தன் உட்கரு மரபணு துளியும் சேராமல், தகப்பனின் நகலாக ஓர் ஆணைப் பெறுகிறாள். அவன் உடலில் தாயின் அடையாளமாக மிஞ்சுவது மைட்டோகாண்ட்ரியா மட்டுமே. 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரண்டு இனங்களின் ஆண்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! படித்துவிட்டு அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

அதற்கு வேறு காரணமும் உண்டு. இரண்டு ஆண்களையும் பிரித்தறிய எளிய அடையாளம் மயிர்: ஐபெரிகஸ் ஆணுக்கு உடம்பெல்லாம் அடர்த்தி, ஸ்ட்ரக்டார் ஆண் கிட்டத்தட்ட மொட்டை. என் குப்பியில் ஒரே வளையின் வாயில் பிடித்த இரண்டு சிறகு ஆண்கள் இருக்கின்றன. ஒன்று மயிர் அடர்ந்தது, மற்றது வழவழப்பு. 2009 நோட்டுப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: ‘இரண்டாவதற்கு மயிர் உதிர்ந்திருக்கிறது, பழைய பூச்சி போலும்.’ பதினாறு வருஷம் கையில் வைத்திருந்தும் பார்க்கத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் எறும்பு: குடியிருப்பின் பெயர் ஐபெரிகஸ் என்றே வைத்துக்கொள்ளலாம், பெயர் ராணியைப் பொறுத்தது. ஆனால் கல் இடுக்கில் நீங்கள் பார்த்த சுமைகாரிகள் அப்படியானால் பாதி ஐபெரிகஸ், பாதி ஸ்ட்ரக்டார். பழைய கையேடு காரணம் தெரியாமலே பாதி சரி! உறுதியாகத் தெரிய வேண்டுமானால் படம் போதாது, மரபணுச் சோதனைதான். வசந்தத்தில் சிறகு ஆண்கள் வெளியே வரும்போது லென்ஸ் வைத்து மயிரைப் பாருங்கள். ஒரே வளையில் இரண்டு வகையும் கண்டால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பாலைவனத்தில் விதை சேர்க்கும் சிவப்பு எறும்பும் இதே இனம்தானா?

பதில்: இல்லை. அது போகோனோமிர்மெக்ஸ், அதாவது தாடி எறும்பு. தலைக்கு அடியில் தாடிபோல் நீண்ட மயிர் உண்டு, மணல் அள்ள உதவும். துணைக்குடும்பம் வரைக்கும் இரண்டும் ஒன்று, மிர்மிசினே. அதற்குக் கீழே வேறு வேறு கிளை. விதை சேர்க்கும் தொழிலை இரண்டும் தனித்தனியாகவே கற்றுக்கொண்டன.

கேள்வி: மண்ணுக்கடியில் ஈரத்தில் சேர்த்த விதை முளைத்துவிடாதா?

பதில்: இதைப் பொறுமையாகத் தோண்டிப் பார்த்தவர் மோக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர். காசநோய்க்காரர், குளிர்காலத்தைப் பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில் மாந்தோனில் கழித்தார். எறும்பு தானியம் சேர்ப்பதெல்லாம் கட்டுக்கதை என்று வட ஐரோப்பிய அறிஞர்கள் பலர் சொல்லி வந்த காலம் அது. அவர்கள் ஊர் எறும்புகள் சேர்ப்பதில்லையே! 1873இல் அவர் தன் அவதானிப்புகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டே 32 வயதில் இறந்துபோனார்.

அவர் கண்டது: மழையில் நனைந்த விதையை எறும்புகள் வெளியே கொண்டுவந்து வெயிலில் காயப்போடுகின்றன. முளை விட்டதன் வேர்நுனியைக் கடித்துவிடுகின்றன. வளையிலிருந்து அவர் எடுத்து விதைத்தவையோ முளைத்தன. ஆக, எறும்பு விதையைக் கொன்று வைப்பதில்லை. அதன் காவல் போனால் முளைக்கும். அப்புறம் ஒன்று: மோக்ரிட்ஜ் எழுத்தில் ஸ்ட்ரக்டார் என்று வருவது 2018க்கு முந்தைய பழைய பை, பேரினமும் அப்போது ஆட்டா. இன்று ஆட்டா என்றால் அமெரிக்காவின் இலைவெட்டி எறும்பு. படிக்கும்போது இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

(மூன்றாவது சீட்டில் என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். ‘வேலைக்காரிகள்: கலப்பு. ஆண்கள்: ஒன்று அது, ஒன்று இது.’ பென்சிலில்தான்.)