மாசி வீதி வீட்டை விற்கும் முன் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி: "எனக்கு 67 வயது. என் வீட்டுக்காரருக்கு 73, ஓய்வு பெற்ற ஆசிரியர். மதுரையில் வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில், மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். அடுப்படியும் கூடமும் கீழே, படுக்கை மாடியில். இரண்டாவது மாடி பூட்டிக் கிடக்கிறது. இருவருக்கும் மூட்டு வலி. பெங்களூரில் இருக்கும் மகன், வீட்டை விற்றுவிட்டு புறநகரில் ஐயர் பங்களா பக்கம் ஒரு பிளாட் வாங்கச் சொல்கிறான். மகள் கோயம்புத்தூரில். இவரோ 'இந்த வீட்டிலேயே என் காலம் முடியட்டும்' என்கிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது?"

அம்மா, முதலில் கட்டிலைக் கீழே இறக்குங்கள். மற்ற முடிவுகளை நிதானமாக எடுக்கலாம், இதை இந்த வாரமே செய்யுங்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, தூக்கக் கலக்கத்தில் மாடிப்படி இறங்குவதுதான் உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் பெரிய ஆபத்து. கூடத்தில் ஒரு ஓரம் போதும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு விடிய விடிய எரியட்டும். முப்பது வருடமாக மதுரையில் வீடு கட்டுவதும் மாற்றிக் கட்டுவதும் என் தொழில். இடுப்பு எலும்பு உடைந்த பிறகு அவசரமாக வீடு மாறிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது முடிவு எடுக்கிறவர்கள் பிள்ளைகள்தான். பெரியவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் புது வீட்டுக்குப் போவார்கள், பழைய வீட்டை இன்னொரு தடவை பார்க்கக்கூட முடியாது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது. நடக்க முடிகிறபோதே யோசிக்க ஆரம்பித்தது நல்லது.

அடுத்தது, உங்கள் மகன் சொல்லும் வரிசையை மாற்றச் சொல்வேன். விற்று, வாங்கி, பிறகு போவது என்கிறார். முதலில் வாடகைக்குப் போங்கள், ஒரு வருடம் இருந்து பாருங்கள், பிறகு விற்பதா வேண்டாமா என்று பேசலாம். தை பிறந்ததும் ஒரு சின்ன வீட்டில் பால் காய்ச்சுங்கள். சித்திரை, வைகாசி வெயிலையும் ஐப்பசி மழையையும் அங்கே இருந்து பார்த்துவிடலாம். பழைய வீட்டுச் சாவி சார் கையிலேயே இருக்கட்டும். "வீட்டை விற்கப் போகிறோம்" என்றால் அவர் அசைய மாட்டார். "கொஞ்ச நாள் கால் வலிக்காமல் இருந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம்" என்றால் கேட்பார். அதை அவரைச் சம்மதிக்க வைக்கும் தந்திரமாகச் சொல்லாதீர்கள். பிடிக்காவிட்டால் நிஜமாகவே திரும்பி வரலாம். கீழ்த்தளத்திலேயே ஒரு பாத்ரூமைச் சரி செய்து, மாடியை மறந்துவிட்டு அங்கே இருப்பதும் மரியாதையான முடிவுதான்.

நம் ஊரில் ஒத்திக்கும், அதாவது மாத வாடகை இல்லாமல் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கவும், வீடு கிடைக்கும். இந்த ஒரு வருடச் சோதனைக்கு ஒத்தி வேண்டாம். மொத்தமாகக் கொடுத்த தொகை திரும்பி வர, பல நேரம் அடுத்த ஒத்திக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மாத வாடகை கொஞ்சம் வலித்தாலும், நினைத்த மாதம் கிளம்பலாம்.

எந்தப் பகுதி என்று தேடும் முன், உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். காலையில் பூக்காரம்மா எத்தனை மணிக்கு வருகிறார், கோயிலுக்கு வாரத்தில் எத்தனை நாள் போகிறீர்கள், சார் பேப்பர் படிக்க எங்கே போய் உட்காருகிறார், யாரோடு பேசுகிறார், மருந்துக்கடை எத்தனை அடி தூரம், கண் டாக்டர் எங்கே. மாசி வீதிக்காரர்களுக்கு இதெல்லாம் நடக்கும் தூரத்தில் இருப்பதால் கணக்கிலேயே வராது. ஐயர் பங்களாவோ ஆனையூரோ போன பிறகுதான், மீனாட்சி கோயில் ஆடி வீதியில் ஒரு சுற்று வருவதற்கும் ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று தெரியும். அதே சமயம் வைகைக்கு வடகரையில் பெரியாஸ்பத்திரியும் அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே குடியிருந்தால் மருத்துவ அலைச்சல் குறையும். எனக்குக் கேட்டால், உங்கள் வயதில் புறநகரில் பெரிய பிளாட்டைவிட நரிமேடு, சொக்கிகுளம், அண்ணா நகர் மாதிரி இடத்தில் சின்ன பிளாட் மேல். சதுர அடி குறைந்தால் பழகிவிடும், மனிதர்கள் குறைந்தால் பழகுவது கஷ்டம்.

பிளாட் பார்க்கப் போகும்போது அளவு டேப் எடுத்துப் போங்கள். பாத்ரூம் கதவை அளங்கள். பல பிளாட்டுகளில் அது இரண்டரை அடி நிலைதான், சட்டமும் கதவும் போக உள்ளே கிடைக்கும் இடம் இன்னும் குறைவு. சாதாரண சக்கர நாற்காலியே இரண்டேகால் அடி வரை அகலம் இருக்கும். இன்று உங்களுக்கு அது தேவையில்லை, ஆனால் வாங்கும் வீடு பதினைந்து வருடத்துக்கு. மூன்று அடிக்கு இடித்து நிலை மாற்ற முடியுமா, அந்தச் சுவர் தாங்கும் சுவரா என்று ஒரு பொறியாளரைக் கேளுங்கள். கழிப்பறைப் பக்கத்தில் பிடித்து எழும் கம்பியைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது கையோடு வந்துவிடும். பத்துக்குப் பத்து அறையில் ஆறடி அகலக் கட்டிலை நடுவில் போட்டால் இருபுறமும் இரண்டடிதான் மிச்சம், வாக்கர் வைத்துத் திரும்ப முடியாது. கட்டிலைச் சின்னதாக்குங்கள், அல்லது ஒரு பக்கம் சுவரை ஒட்டிப் போடுங்கள்.

லிஃப்ட் இருக்கிறது என்று சொன்னால் போதாது. உள்ளே போய் நின்று பாருங்கள். நாலு பேர் லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் இருக்கிறதா, மோட்டாருக்கு மட்டுமா என்று காவலாளியிடம் கேளுங்கள், அவர் உண்மையைச் சொல்வார். முதல் மாடி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி மாடி வேண்டாம், மதுரை வெயிலில் அந்தத் தளம் நள்ளிரவிலும் ஆறாது. தண்ணீரைப் பற்றித் தரகரிடம் விசாரிக்காமல், அதே கட்டடத்துப் பெண்களிடம் விசாரியுங்கள். போர் தண்ணீர் உப்பா, மாநகராட்சிக் குழாய் உண்டா, போன வைகாசியில் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, விற்பது என்று முடிவானால் என்ன? இங்கேதான் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: "மாமனார் கட்டிய வீடு." அவர் உயில் எழுதினாரா? எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் மகன்களுக்கும் மகள்களுக்கும் மனைவிக்கும் சம பங்கு. சாரின் அக்கா தங்கைகளுக்கும் பங்கு உண்டு. கல்யாணத்தில் நகையும் சீரும் செய்தாயிற்று என்பது சட்டத்தில் செல்லாது. வரி ரசீதும் மின் இணைப்பும் சார் பெயரில் இருப்பதாலும் அது மாறாது. வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு கையெழுத்துக்காக வருடக்கணக்கில் நின்றுபோன விற்பனைகள் உண்டு. வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், குறைந்தது முப்பது வருடத்து வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் இந்த வாடகை வருடத்திலேயே எடுத்து வையுங்கள். நாத்தனார்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாக இருந்தால், அவர்களுக்கு உரியதைப் பேசி, கொடுத்து, பதிவு செய்துகொள்ளுங்கள்.

வரிக் கணக்கை ஆடிட்டர் போடுவார், அதன் போக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முந்தைய வீடு என்பதால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பைக் கொள்முதல் விலையாக எடுக்கலாம். ஆனால் பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்ட முடியாது. லாபத்துக்கு 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், எது குறைவோ அது. உதாரணமாக, உங்கள் பங்குக்கு 90 லட்சம் வந்து, 2001 மதிப்பு 8 லட்சம் என்றால் லாபம் 82 லட்சம். 45 லட்சத்துக்கு ஒரு பழைய பிளாட் வாங்கினால், 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து சுமார் 49 லட்சம் ஆகும். அந்த அளவு லாபத்துக்கு வரி இல்லை. மிச்சம் 33 லட்சத்துக்கு 12.5 சதவீதக் கணக்கில் நாலு லட்சத்துச் சொச்சம் வரி வரும்; பணவீக்கத்தைக் கழித்த 20 சதவீதக் கணக்கில் இதைவிடக் குறையும். ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் போட்டால் அதையும் தவிர்க்கலாம், 50 லட்சம் வரை அனுமதி. ஆனால் அந்தப் பணத்தை ஐந்து வருடம் தொட முடியாது, அடமானமும் வைக்க முடியாது. 73 வயதில், மருத்துவச் செலவு எப்போது வரும் என்று தெரியாதபோது, எல்லாவற்றையும் அதில் பூட்ட நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வரி கட்டிவிட்டு, பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஆளுக்கு 30 லட்சம் வரை போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்குவது நிம்மதி. அவசரம் என்றால் சிறு பிடித்தத்தோடு முன்கூட்டியே எடுக்கவும் முடியும்.

பிளாட்டை விற்பனைக்கு ஒரு வருடம் முன்பிருந்து, விற்ற பின் இரண்டு வருடம் வரை வாங்கலாம். அதனால் அவசரப்பட வேண்டியதில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வாங்கி முடிக்கவில்லை என்றால், செலவழியாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். புது பிளாட் சார் பெயரில், உங்களையும் சேர்த்து இருக்கட்டும். மகன் பெயரில் வாங்கினால் வரிச் சலுகையில் சிக்கல் வரும், நீங்கள் குடியிருக்கும் வீடு உங்களுடையதாகவும் இருக்காது. உங்கள் மகனைச் சந்தேகப்பட்டு இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு நாள் தோன்றினால், "எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அது இருந்தால், பராமரிக்காதபோது 2007-ஆம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாய் வார்த்தையை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டு அலைகிறவர்கள் அதிகம்.

சாமான்கள். ஐம்பது வருட வீட்டில் பரண் நிறைய இருக்கும். முதல் நாளே போட்டோ ஆல்பத்தைத் திறக்காதீர்கள், அன்று வேறு வேலை நடக்காது. பழைய பேப்பர், ஓடாத மிக்ஸி, மூடி இல்லாத டப்பா என்று மனசு ஒட்டாதவற்றில் ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஒரு அலமாரி. மகள் விட்டுப்போன பெட்டியை மகள்தான் வந்து பிரிக்க வேண்டும், உங்கள் முழங்காலுக்கு அந்த வேலை வேண்டாம். பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் எடைக்குப் போகும் முன் நாத்தனார், மருமகள், மகள் எல்லோரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். மாமியாரின் அண்டா கடைக்குப் போனது பிறகு தெரிந்தால் மனக்கசப்பு மிஞ்சும். மர பீரோ லிஃப்ட்டிலும் படித் திருப்பத்திலும் நுழையுமா என்று அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஊஞ்சல் சாருடையது என்றால் அதை விடாதீர்கள். கான்கிரீட் தளத்தில் கொக்கி போட இடம் இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் ஒரு வருடம் எந்தச் சாமான் இல்லாமல் இருந்தீர்களோ, அது வேண்டாத சாமான்.

கேஸ், ரேஷன் கார்டு, ஆதார், பென்ஷன் வங்கி முகவரி எல்லாம் மகன் ஒரு விடுமுறையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் ஆன்லைனிலேயே முடியும்.

அப்புறம், நாத்தனார்கள் வெளியூரில் இருந்தால் சித்திரைத் திருவிழாவுக்கு எப்படியும் அம்மா வீட்டுக்கு வருவார்கள். அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது, நீங்களும் சாரும் சேர்ந்து அவர்களிடம் பேசுங்கள். அன்றைக்குப் பத்திரம், பங்கு என்று எதுவும் வேண்டாம். "படி ஏற முடியவில்லை, இப்படி ஒரு யோசனை இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். அவர்கள் பிறந்து வளர்ந்த வீடு அது. தரகர் சொல்லி அவர்கள் கேள்விப்படக் கூடாது.